மூட்டை தூக்கியவன் கட்டிய பல்கலைக் கழகம்

1954-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஒரு நாள், சிங்கப்பூர் நகரத்துச் சைக்கிள் ரிக்‌ஷாத் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வழக்கம்போல் வண்டியை மிதித்தார்கள். வழக்கத்துக்கு மாறாக, அன்று கிடைத்த கூலியை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. அன்றைய வருமானம் அத்தனையும் ஒரு பல்கலைக் கழகத்துக்கு! பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தறியாத கால்கள், பல்கலைக் கழகத்துக்காகப் பெடலை மிதித்தன.

டாக்சி ஓட்டியவர் ஒரு நாள் ஓட்டத்தைக் கொடுத்தார். தெருவோரத்தில் அடுப்பு வைத்துச் சோறு விற்றவர் அன்றைய வியாபாரத்தைக் கொடுத்தார். நடன விடுதிகளில் ஆடிப் பிழைத்த பெண்கள், ஊரார் ஏளனமாகப் பேசிய அந்தப் பெண்கள், ஓர் இரவு ஆட்டத்தின் காசைக் கொண்டுவந்து வைத்தார்கள். கட்டட வேலைக் கூலி, கப்பல் துறையில் மூட்டை தூக்கியவர், மலாயாவின் ரப்பர்த் தோட்டத்துச் சீனத் தொழிலாளி – யார் விலகி நின்றார்கள்? உண்டியல் குலுங்காத தெரு உண்டா என்று கேட்கும்படி இருந்தது அந்த ஊர்.

அப்படி எழுந்ததுதான் நன்யாங் பல்கலைக் கழகம். 'நன்யாங்' என்றால் தென்கடல். சீனத்திலிருந்து பிழைப்புத் தேடித் தெற்கே கடல் தாண்டி வந்தவர்கள் தாங்கள் வந்து சேர்ந்த நிலங்களுக்கு இட்ட பெயர் அது. மக்கள் அதைச் சுருக்கி 'நன்தா' என்று செல்லமாக அழைத்தார்கள். சீனத்துக்கு வெளியே, சீன மொழியில் உயர்கல்வி தருவதற்கென்று கடல் கடந்த சீனர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் எழுப்பிய பல்கலைக் கழகம். அரசாங்கம் கேட்டுக் கொடுத்ததல்ல. அரசாங்கம் கொடுத்துக் கேட்டதுமல்ல.

அந்தப் பல்கலைக் கழகம் இன்று இல்லை. 1980-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாளோடு அதன் பெயர் ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டது. பூட்டுப் போட்டு மூடினார்களா? இல்லை. மூடியவன் கையில் சாவி இருந்ததை யாரும் பார்க்கவில்லை. அதுதான் இந்தக் கதையில் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டிய இடம்.

வெள்ளைக்கார ஆட்சியில்

1949-இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக் கழகம் தோன்றியது. ஆங்கிலத்தில் படித்தவனுக்கு அது கோயில்; சீனப் பள்ளியில் படித்தவனுக்கு மூடிய கதவு. அந்நாளில் சிங்கப்பூரில் சீனப் பிள்ளைகளில் பெரும் பகுதியினர் படித்தது சீன மொழிப் பள்ளிகளில். அந்தப் பள்ளிகளையும் வணிகர்களும் குலச் சங்கங்களும் சாமானியர்களும் காசு போட்டு நடத்தி வந்தார்கள். உயர்நிலைப் பள்ளி முடித்தவுடன் பிள்ளை எங்கே போவான்? முன்பெல்லாம் கப்பலேறிச் சீனத்துக்குப் போவான். 1949-இல் அங்கே செங்கொடி ஏறிய பிறகு, படிக்கப் போனவன் திரும்பி வந்து கரையிறங்க வெள்ளைக்கார சர்க்கார் சம்மதிப்பதில்லை. போனால் தாயில்லை, இருந்தால் படிப்பில்லை!

இந்த முட்டுச் சந்தில் நின்றபோதுதான் டான் லார்க் சை என்பவர் எழுந்தார். 1897-இல் சீனத்தின் பூக்கியன் மாநிலத்துக் கடலோரச் சிற்றூரில் பிறந்தவர். இளமையில் சிங்கப்பூருக்கு வந்து, டான் கா கீ என்ற பெரும் ரப்பர் வணிகரிடம் வேலை பார்த்து, பின்பு தாமே ரப்பரில் பெரும் செல்வம் திரட்டியவர். ஏட்டுப் படிப்பு அதிகம் இல்லாத மனிதர். 1953 ஜனவரி 16-ஆம் நாள், தாம் தலைமை வகித்த ஹொக்கியன் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, நமக்கென ஒரு பல்கலைக் கழகம் வேண்டும், என் பங்கு 50 இலட்சம் வெள்ளி என்றார். வெள்ளி என்பது அந்நாட்டு நாணயத்துக்கு அங்குள்ள தமிழர் இட்ட பெயர். ஹொக்கியன் சங்கம் ஜூரோங் பகுதியில் 500 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைக் கொடுத்தது. செம்மண் மேடும் காடும் சூழ்ந்த பூமி.

முதலாளி ஒருவரை இந்தப் பத்தியில் புகழ்வதா என்று தோழர்கள் சிலர் புருவத்தை நெரிக்கக் கூடும். புகழ வேண்டிய இடத்தில் புகழ்வோம். ரப்பர் முதலாளியின் செல்வம் எப்படிச் சேர்ந்தது என்பது நமக்குத் தெரியாததல்ல. பால் வெட்டியவன் கை காய்த்ததும் தெரியும். ஆனால் அந்த 50 இலட்சத்துக்குப் பக்கத்திலேயே ரிக்‌ஷாக்காரனின் ஒரு நாள் கூலியும் ஒரே கணக்கில் வரவு வைக்கப்பட்டது. உழைப்பவனும் உடையவனும் ஒரே செங்கல்லைத் தூக்கிய நிகழ்ச்சி உலகத்தில் அடிக்கடி நடப்பதில்லை.

வெள்ளையர் ஆட்சி என்ன செய்தது? வேண்டாம் என்று சொல்லவில்லை. வாழ்க என்றும் சொல்லவில்லை. பல்கலைக் கழகம் என்று பதிவு செய்ய வழிவிடவில்லை. ஆகவே, கேளுங்கள் வேடிக்கையை, கம்பெனிச் சட்டத்தின் கீழ் 'நன்யாங் பல்கலைக் கழகம் லிமிடெட்' என்று பதிவாயிற்று! சோப்புக் கம்பெனி, சுருட்டுக் கம்பெனி வரிசையில் ஒரு கல்விக் கம்பெனி.

முதல் வேந்தராக லின் யூடாங் என்ற உலகப் புகழ் பெற்ற எழுத்தாளரை அமெரிக்காவிலிருந்து அழைத்தார்கள். 1954 அக்டோபரில் வந்தார். செலவுத் திட்டம் பற்றி நிர்வாகத்தாரோடு மோதல் மூண்டது. 1955 ஏப்ரலில், ஒரு வகுப்புக்கூடத் தொடங்குமுன், தாம் அழைத்து வந்த ஆசிரியர்களோடு வெளியேறினார். ஈட்டுத் தொகை மட்டும் 3 இலட்சம் வெள்ளிக்கு மேல்! உண்டியல் காசில் ஒரு செப்பும் அதற்குப் போகக்கூடாது என்று டான் லார்க் சை தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்துத் தீர்த்தார்.

1956 மார்ச்சில் வகுப்புகள் தொடங்கின. முதல் அணியில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள். 1958 மார்ச் 30-ஆம் நாள் முறையான திறப்பு விழா. வெள்ளைக்கார கவர்னர் வில்லியம் கூட் வந்து திறந்து வைத்தார். அவரைப் பார்க்க வந்த கூட்டமல்ல அது. தாங்கள் காசு போட்ட கட்டடம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்த கூட்டம். ஜூரோங் சாலையில் மைல் கணக்கில் வண்டிகள் நகர முடியாமல் நின்றன. வண்டியை விட்டு இறங்கி நடந்தார்கள் மக்கள். எழுத்தறியாத கிழவன் ஒருவன் அந்தத் தூணைத் தொட்டு, இதில் ஒரு செங்கல் என்னுடையது என்று நினைத்திருந்தால் அதில் பொய் ஏதும் இல்லை.

பட்டம் உண்டு, மதிப்பு இல்லை

1959-இல் சட்டம் இயற்றிப் பல்கலைக் கழகம் என்று ஒப்புக் கொண்டார்கள். அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பிரெஸ்காட் என்பாரின் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்தது. ஆசிரியர் தகுதி போதாது, நிர்வாகம் சரியில்லை, நூலகம் வளரவில்லை, ஆகவே பட்டத்துக்கு அங்கீகாரம் கொடுப்பதற்கில்லை என்றது அந்தக் குழு. குறைகள் இருந்தன. மறைக்க வேண்டியதில்லை. மூன்று வயதுப் பிள்ளையை நிறுத்தி, முப்பது வயதுக்காரனோடு ஓடச் சொன்னால் மூச்சு வாங்காதா?

1960-இல் முதல் அணியாக 437 பேர் பட்டம் பெற்று வெளியே வந்தார்கள். வாசலில் நின்ற அரசாங்கம் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது. சர்க்கார் உத்தியோகத்தில் மலாயாப் பல்கலைக் கழகத்துப் பட்டதாரிக்கு உள்ள மதிப்பு நன்தா பட்டதாரிக்கு இல்லை, சம்பளமும் இல்லை. ஆனால் கனடாவிலும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அதே தாளைப் பார்த்து மேற்படிப்புக்கு இடம் கொடுத்தார்கள். டாக்டர் பட்டம் பெற்றவர்கள் பலர். அயலூரில் செல்லுபடியாகும் நாணயம் சொந்த ஊர்க் கடைத்தெருவில் செல்லாக் காசு! 1968-ஆம் ஆண்டில்தான் சிங்கப்பூர் அரசு அந்தப் பட்டத்தை ஏற்றுக் கொண்டது. அதற்குள் எட்டு அணி மாணவர்கள், வாழ்க்கையில் முதல் படியை எடுத்து வைக்க வேண்டிய வயதில், படிக்குக் கீழே நின்றுவிட்டார்கள்.

1959-இல் ஆட்சிக்கு வந்தவர்கள் யார்? வெள்ளையர் அல்லர். மக்கள் செயல் கட்சி. 51 இடங்களில் 43 வென்று, லீ குவான் இயூ பிரதமரானார். அந்த வெற்றிக்குத் தோள் கொடுத்தவர்கள் யார்? தொழிற்சங்கங்கள். சீனப் பள்ளி மாணவர்கள். 1955-இல் ஹொக் லீ பஸ் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு மறியல் வாசலுக்குப் போன மாணவர்கள் அவர்கள்தாம். கட்டாய இராணுவச் சேவையை எதிர்த்து 1954 மே மாதத்தில் கைதான சீனப் பள்ளி மாணவர்களுக்காக, டி. என். பிரிட் என்ற பெரும் வழக்கறிஞரோடு சேர்ந்து நீதிமன்றம் ஏறியவர் வேறு யாருமல்ல, இளம் வழக்கறிஞர் லீ குவான் இயூ. ஏணி என்று நினைத்து ஏறினார்களா, துணை என்று நினைத்துக் கைகோத்தார்களா என்பதை அவரவர் மனச்சாட்சி அறியும்.

1961-இல் கட்சி உடைந்தது. இடதுசாரிகள் பிரிந்து பாரிசான் சோஷியலிஸ் கட்சி கண்டார்கள். தொழிற்சங்கங்களில் பெரும் பகுதியும், நன்தா மாணவரில் பலரும் அந்தப் பக்கம். 1963 பிப்ரவரியில் ஒரே இரவு வேட்டையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் விசாரணையின்றிச் சிறைக்குப் போனார்கள். செப்டம்பர் 21-இல் தேர்தல். பாரிசான் வேட்பாளர்களில் நன்தா பட்டதாரிகளும் இருந்தார்கள். டான் லார்க் சை அவர்களை வெளிப்படையாக ஆதரித்தார். தேர்தலில் மக்கள் செயல் கட்சிக்கு 37 இடம், பாரிசானுக்கு 13.

வாக்கு எண்ணிய மை காயவில்லை. மறுநாள், செப்டம்பர் 22-ஆம் நாள், டான் லார்க் சையின் குடியுரிமையைப் பறிக்க நடவடிக்கை தொடங்கும் என்று அரசாங்கம் அறிவித்தது. கம்யூனிஸ்டுகளின் கையில் அவர் கருவியானார் என்பது குற்றச்சாட்டு. யாருக்கு? கடல் கடந்து வந்த சீனர்களுக்கு இந்த மண்ணில் குடியுரிமை வேண்டும் என்று முன்பு குரல் கொடுத்த தலைவர்களுள் ஒருவருக்கு! ரப்பர் முதலாளி கம்யூனிஸ்டுகளின் கருவி என்ற கதையைக் கேட்டு, உண்மைக் கம்யூனிஸ்டுகளே சிரித்திருப்பார்கள். பல்கலைக் கழகப் பொறுப்பிலிருந்து அவர் விலகினார். 1964-இல் குடியுரிமை போயிற்று. தாம் கட்டிய பல்கலைக் கழகம் இருந்த ஊரில், எந்நாட்டவரும் அல்லாத ஒருவராக வாழ்ந்து, 1972 செப்டம்பரில் கண்மூடினார்.

அரசாங்கத்தின் வாதம்

அரசாங்கத்தின் பக்கத்தையும் கேட்போம். வளாகம் கம்யூனிஸ்டுக் கூடாரமாகிவிட்டது என்றார்கள். மாணவர் இயக்கத்தில் இடதுசாரிகளின் கை ஓங்கியிருந்தது உண்மை. வகுப்புப் புறக்கணிப்புகளால் படிப்பு கெட்டதும் உண்மை. அக்கம்பக்கத்து நாடுகள் மலாய் பேசும் நாடுகள். நடுவில் ஒரு சீனக் கோட்டையாகச் சிங்கப்பூர் தோன்றினால் ஆபத்து என்ற அச்சமும் இருந்தது. அது வெறும் கற்பனை அச்சம் என்று நாம் சொல்ல மாட்டோம்; 1964-இல் சிங்கப்பூரில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே இரத்தக் களரி நடந்தது.

ஆனால் அச்சத்துக்கு மருந்து எது? 1964 ஜூனில் போலீசார் வளாகத்துக்குள் புகுந்து மாணவர்களைக் கைது செய்தார்கள். பல்கலைக் கழகத்தில் சேர விரும்புகிறவன், அரசியலில் தீங்கற்றவன் என்று அரசாங்கத்தினிடம் 'தகுதிச் சான்று' வாங்கி வர வேண்டும் என்று சட்டம் வந்தது. அறிவுக்கு மதிப்பெண் போட ஆசிரியர். எண்ணத்துக்கு மதிப்பெண் போடப் போலீசு! 1965-இல் வாங் குங்வு என்ற வரலாற்றுப் பேராசிரியர் தலைமையில் பாடத்திட்டத்தைத் திருத்த ஒரு குழு அறிக்கை தந்தது. மாணவர்கள் எதிர்த்தார்கள்; பலர் வெளியேற்றப்பட்டார்கள். அந்தக் குழுவின் கருத்துகளில் நல்லனவும் இருந்தன என்று பிற்காலத்தில் பழைய மாணவர்கள் சிலரே சொல்வதுண்டு. அடிபட்ட வீட்டுக்குள் அறிவுரையும் தடியோடு வந்தால் யார் நின்று கேட்பார்கள்?

இதற்குப் பிறகு நன்தாவில் பெரிய கிளர்ச்சி இல்லை. அமைதி. வளாகம் அழகாக இருந்தது, மரங்கள் வளர்ந்தன, பட்டம் அங்கீகாரம் பெற்றது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நோய் அப்போதுதான் வேருக்கு இறங்கியது.

ஊற்று வற்றிய கதை

தோழர்களே, ஒரு கணக்கைப் பாருங்கள். 1959-இல் சிங்கப்பூரில் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தைகளில் நூற்றுக்கு 46 பேர் சீனப் பள்ளியில் சேர்ந்தார்கள். 1978-இல் நூற்றுக்கு 11 பேர். அதே காலத்தில் ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்தவர்கள் நூற்றுக்கு 47-லிருந்து 88-க்கு மேல் ஏறினார்கள். கீழே ஊற்று வற்றினால் மேலே ஏரி நிரம்புமா?

இதைக் காட்டி அரசாங்கம் சொன்னது: நாங்கள் யாரையும் தடுக்கவில்லை, பெற்றோர்களே ஆங்கிலப் பள்ளியைத் தேடிப் போகிறார்கள். உண்மை. முழு உண்மை! நன்தாவுக்காக ஒரு நாள் கூலியைக் கொடுத்தவர்கள் வீட்டிலிருந்தே பேரப்பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் வருமா? மில் வாசலில் நிற்கும் தொழிலாளி தன் மகனாவது நாற்காலியில் உட்கார வேண்டும் என்று நினைப்பது குற்றமா? எந்தக் கதவு திறக்கிறதோ அந்தக் கதவுக்குப் பிள்ளையை அனுப்புகிறான் ஏழை.

கதவை எங்கே வைப்பது என்று தீர்மானித்தவர் யார் என்பதுதான் கேள்வி. உத்தியோகத்துக்கு ஆங்கிலம். நீதிமன்றத்துக்கு ஆங்கிலம். கம்பெனிக்கு ஆங்கிலம். ஆங்கிலம் படித்தவனுக்கு ஒரு சம்பளம், சீனம் படித்தவனுக்கு வேறொரு சம்பளம். ஆண்டுக் கணக்கில் இப்படித் தராசைப் பிடித்துவிட்டு, தட்டு தானாகச் சாய்ந்தது என்று சொன்னால் எப்படி? சந்தைக்குப் போகும் பாதையை ஒரு கடைக்கு நேராகப் போட்டுவிட்டு, மற்றக் கடைக்கு ஆள் வரவில்லை, அது சரக்கின் குற்றம் என்பதுபோல!

சீனப் பள்ளிகளில் மிச்சமிருந்த நல்ல மாணவர்களும் தேர்வெழுதிச் சிங்கப்பூர்ப் பல்கலைக் கழகத்துக்குப் போகத் தொடங்கினார்கள். நன்தாவுக்கு வந்தவர்கள் எண்ணிக்கையிலும் குறைந்தார்கள், தரத்திலும் குறைந்தார்கள். நன்தா பட்டதாரியா என்று முதலாளிகள் முகம் சுளித்தார்கள். சில பட்டதாரிகள் வேலை கேட்கும் மனுவில், பட்டம் பெற்றதை மறைத்துப் பள்ளிப் படிப்பை மட்டும் எழுதினார்கள் என்று லீ குவான் இயூவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் அதைப் பல்கலைக் கழகத்தின் வீழ்ச்சிக்குச் சான்றாகச் சொன்னார். நமக்கு அது வேறொன்றுக்குச் சான்றாகத் தெரிகிறது.

1975-இல் அதுவரை கல்வி அமைச்சராக இருந்த லீ சியாவ் மெங் துணைவேந்தராக வந்தார். இனி ஆங்கிலத்தில் பாடம் என்றார்கள். சீனத்தில் பாடம் சொல்லிப் பழகிய பேராசிரியர், சீனத்தில் கேட்டுப் பழகிய மாணவர், நடுவில் ஆங்கிலம்! நீச்சல் தெரிந்தவனைப் பனைமரம் ஏறச் சொன்ன கதை. சீனப் பல்கலைக் கழகம் என்ற பெயர்ப் பலகை வெளியே. உள்ளே திக்கித் திணறும் ஆங்கிலம். 1978-இல் நன்தாவின் புதிய மாணவர்களைப் புக்கிட் தீமா வளாகத்துக்கு அனுப்பி, சிங்கப்பூர்ப் பல்கலைக் கழக மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார வைத்தார்கள். ஒரே தேர்வு. எந்தப் பக்கம் பின்தங்கியது என்று நான் சொல்ல வேண்டுமா?

கடைசியாக 1979-இல் இங்கிலாந்திலிருந்து சர் பிரெடெரிக் டெயின்டன் வந்தார். பார்த்தார். இந்தச் சிறிய நாட்டுக்கு ஒரே வலிமையான பல்கலைக் கழகம் போதும் என்று எழுதிக் கொடுத்தார். 1980 மார்ச்சில் பிரதமர் லீ, நன்தாவின் ஆட்சி அவைக்குக் கடிதம் எழுதினார்: இரண்டையும் இணைப்பதே வழி. அவைத் தலைவர், வங்கி முதலாளி வீ சோ யாவ். ஏப்ரல் 5-இல் அவை தலையசைத்தது. ஆகஸ்டு 8-இல் தேசியப் பல்கலைக் கழகம் பிறந்தது. நன்தா பெற்று வளர்த்த கடைசிப் பிள்ளைகள் அந்த மாதமே பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். மொத்தம் ஏறத்தாழ 12,000 பட்டதாரிகள்.

ஒன்று கேட்கிறேன். கொடுத்தவர்களைக் கேட்டார்களா? அவை உறுப்பினர்கள் கூடினார்கள், பேசினார்கள், கையெழுத்திட்டார்கள். அன்று ஒரு நாள் கூலியைக் கொடுத்த ரிக்‌ஷாக்காரர்களில் 1980-இல் உயிரோடு இருந்தவர்கள் எத்தனை பேரோ, அவர்களில் ஒருவருக்காவது, ஐயா, உங்கள் காசில் கட்டிய வீட்டை வேறு வீட்டோடு சேர்க்கப் போகிறோம் என்று ஒரு சொல் போயிற்றா? சட்டப்படி கேட்கத் தேவையில்லை. சட்டத்தில் அவர் பங்குதாரர் அல்லர், நன்கொடையாளர். கொடுக்கும்போது பெருமகன், கொடுத்த பிறகு பெயரில்லாதவன். தொழிலாளி காசு போட்டுக் கட்டும் எந்த நிறுவனமானாலும் – பள்ளியோ, சங்கக் கட்டடமோ, கூட்டுறவுப் பண்டகசாலையோ – கல் நாட்டும் விழாவில் கொடுத்தவனுக்கு மாலை விழுகிறது. நிர்வாக விதியில் அவனுக்கு வாக்கு எழுதியிருக்கிறதா என்று நம்மில் எத்தனை பேர் புரட்டிப் பார்க்கிறோம்?

நம்மவர் பங்கு

இது சீனர் கதை, நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. நன்தாவுக்கு உண்டியல் குலுங்கிய அதே ஆண்டுகளில், அதே ஊரில் தமிழர்களும் ஓர் உண்டியல் குலுக்கினார்கள். மலாயாப் பல்கலைக் கழகத்தில் இந்திய இயல் துறை வைக்கப் போகிறார்கள், அதில் சமஸ்கிருதத்துக்கே முதலிடம் என்ற யோசனை எழுந்தபோது, 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி கொதித்தெழுந்தார். திருவாரூரில் பிறந்து, 1924-இல் கப்பலேறிப் போனவர், சுயமரியாதைக்காரர். இங்கே கூலி வேலைக்கு வந்தவன் பேசும் மொழி தமிழ், அதுவே துறையின் மொழியாக வேண்டும் என்று எழுதினார், கூட்டம் போட்டார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். துறைமுகத் தொழிலாளியும் தோட்டத் தொழிலாளியும் தமிழ் நூலகத்துக்குக் காசு கொடுத்தார்கள். 1956-இல் தொடங்கிய துறையில் தமிழ் அரியணை ஏறியது.

இன்னொன்று. கடையநல்லூரிலிருந்து போய்க் கடை வைத்தும் கூலி வேலை செய்தும் பிழைத்த முஸ்லிம் தமிழர்கள் 1946-இல் சிங்கப்பூரில் உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளி கண்டார்கள். அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. தமிழில் உயர்நிலைப் படிப்புச் சொல்லிக் கொடுக்கச் சிங்கப்பூரில் இருந்த ஒரே பள்ளி. நன்தா போன இரண்டாம் ஆண்டில், 1982-இல், அதுவும் மூடப்பட்டது. பிள்ளைகள் வரவில்லை என்றார்கள். வந்திருக்க மாட்டார்கள்தான். அங்கேயும் அதே தராசு, அதே தட்டு.

தமிழ் அங்கே ஆட்சி மொழிகளுள் ஒன்றாக இருக்கிறது. பள்ளியில் தாய்மொழிப் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். நாணயத்தில் தமிழ் எழுத்து இருக்கிறது. இதையும் சொல்ல வேண்டும், இல்லையேல் நாம் நியாயம் பேசியவர் ஆக மாட்டோம். பாடமாக ஒரு மொழி வாழ்வது வேறு, பாடங்களையெல்லாம் சுமக்கும் மொழியாக வாழ்வது வேறு. நன்தாவில் பௌதிகமும் இரசாயனமும் கணக்கும் பொருளாதாரமும் சீன மொழியில் நடந்தன. அங்கே அடைபட்டது அந்த வாய்.

இப்போது அந்த இடத்தில்

ஜூரோங் வளாகம் காலியாகக் கிடக்கவில்லை. 1981-இல் அங்கே நன்யாங் தொழில்நுட்பக் கழகம் என்று ஒன்று தொடங்கினார்கள். 1991-இல் அது நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக் கழகம் ஆயிற்று. இன்று உலகத் தரவரிசைகளில் முன்வரிசையில் பேசப்படும் பெரிய நிறுவனம். அங்கே பாடம் ஆங்கிலத்தில். பெயரில் மட்டும் தென்கடல் மிச்சம். நன்தாவின் பழைய பட்டதாரிகளின் பெயர்ப் பட்டியலை 1996-இல் இந்தப் புதிய பல்கலைக் கழகத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். தாயில்லாப் பிள்ளைகளுக்கு ஒரு சிற்றன்னை. ஏற்றவர்கள் உண்டு, எங்கள் பல்கலைக் கழகம் 1980-இல் போயிற்று, அவ்வளவுதான் என்று ஒதுங்கியவர்களும் உண்டு. பழைய பெயரையே திருப்பித் தரலாமா என்ற பேச்சு இடையிடையே எழுந்தது, அடங்கியது.

பழைய நிர்வாகக் கட்டடம், சீனப் பாணிக் கூரையோடு இன்றும் நிற்கிறது. அதில் இப்போது கடல் கடந்த சீனரின் வரலாற்றுக் காட்சிக் கூடம் இருக்கிறது. 1998-இல் அந்தக் கட்டடத்தையும், ஒரு நினைவுத் தூணையும், பழைய நுழைவாயில் வளைவையும் தேசிய நினைவுச் சின்னங்களாக அரசாங்கமே அறிவித்தது.

அந்த வளைவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. வளாகத்தின் நிலப்பரப்பு சுருங்கியது. நடுவே விரைவுச் சாலை ஓடியது. இப்போது அந்த வளைவு பல்கலைக் கழகத்தின் வாயிலில் இல்லை; சாலைக்கு அப்பால், ஜூரோங் மேற்குப் பகுதியில், அரசாங்க அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவில் தனியே நிற்கிறது. வளாகத்துக்குள் அதைப் போலவே புதிதாக இன்னொரு வளைவைக் கட்டி வைத்திருக்கிறார்கள். உல்லாசப் பயணிகள் படம் எடுப்பது அந்தப் புதியதன் முன்னால். பழையதன் பக்கமாக, வேலை முடிந்து வீடு திரும்பும் குடியிருப்புக்காரர்கள் கடைத்தெருப் பையோடு நடந்து போகிறார்கள்.